பின்சீட்டில் உட்காருபவளை யாரும் கேட்பதில்லை

மோட்டார் சைக்கிளுக்கு சீட் செய்யும் தொழிலில் பெரிய தொல்லை, எங்கே வலிக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வலிக்கிற இடம் அப்படிப்பட்டது.

"இடுப்பு" என்பார்கள். "முதுகு" என்பார்கள். "பொதுவா வலிக்குதுக்கா" என்று வானத்தைப் பார்த்துச் சொல்வார்கள். மீதியை நானே ஊகித்துக்கொண்டு பஞ்சை வெட்ட வேண்டும். ஒரு மணி நேரம் வண்டியில் வந்து இறங்கி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு பின்பக்கத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்ட எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதுவேன். கோபம் உங்கள் எல்லோர் மேலும் இல்லை, உங்களில் சிலர் மேல். யார் என்று உங்களுக்கே தெரியும்.

என் கடை தஞ்சாவூரில் கும்பகோணம் சாலையில் இருக்கிறது. பஞ்சை வெட்டி வடிவம் கொடுப்பது நான். மேலே ரெக்ஸின் உறை தைத்துப் பூட்டுவது மூர்த்தி மாஸ்டர். என் கணவர் குவைத்தில் இருக்கிறார். சீட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் விமான சீட்தான்.

மெத்தை வேண்டும்

வேளாங்கண்ணித் திருவிழா நெருங்கினால் கடையில் கூட்டம் இருக்கும். அப்படி வந்த ஒருவர், நான் எடுத்து வைத்த பஞ்சைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து முகம் சுளித்தார். "கல்லு மாதிரி இருக்கே. மெத்தை மாதிரி போடுங்க" என்றார்.

நான் பொறுமையாகச் சொன்னேன். நன்றாக வெந்த இட்லியை விரலால் அழுத்தினால், விரலை எடுத்ததும் அது எழும்பிக்கொள்ளும். நீண்ட தூரத்துக்கு அப்படிப்பட்ட பஞ்சுதான் வேண்டும். தொட்டவுடன் அமுங்கி அங்கேயே தங்கிவிடும் பஞ்சு, டீயில் ஊறிய பிரெட். முதல் பத்து நிமிடம் சுகமாக இருக்கும். அப்புறம் பஞ்சு நசுங்கிப்போய், நம் எலும்பு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் மறுபடியும் கட்டை விரலால் அழுத்தினார். "கட்டை விரலையா உக்கார வெச்சு வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மெத்தையேதான் வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தேன்.

திருவிழா முடிந்து வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மூர்த்தி மாஸ்டரின் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார்: "போறப்ப மெத்தையிலதான்க்கா போனேன், வர்றப்ப திருவாரூர்லேர்ந்து நின்னுக்கிட்டே ஓட்டியாந்தேன்."

ஆள் இல்லையா?

வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வருகிற ஆண்களில் பாதிப் பேர் என்னைத் தாண்டித்தான் பார்ப்பார்கள். என் கையில் பஞ்சு வெட்டும் நீளக் கத்தி இருக்கும். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூளாக இருக்கும். எதிரில் பாதி வெட்டிய சீட் இருக்கும். நான் ஏதோ அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "ஆள் யாரும் இல்லையாக்கா?" என்று கேட்பார்கள்.

முன்பெல்லாம் "நான்தான்" என்று சொல்வேன். அதைச் சொன்ன பிறகும், "சரி, அவர் எப்ப வருவாரு?" என்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, அந்த வேலையை மாஸ்டரிடம் விட்டுவிட்டேன். அவர் ஊசியில் நூல் கோர்ப்பதை நிறுத்தாமலே சொல்வார்: "ஆளுதான் சார் கத்தியோட நிக்குது, நான் வெறும் தையக்காரன்."

வலங்கைமான் முன்சீட்

இளங்கோ அப்படிக் கேட்காத பாதியைச் சேர்ந்தவர். வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். குத்தகை நிலத்தில் நெல் போடுகிறார். முதல் முறை தனியாகத்தான் வந்தார். அவர் மனைவி மலர்விழி தஞ்சாவூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறாள். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக விடியும்போதே அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அவர்கள் ஊருக்கு பஸ் கிடையாது. அதனால் தினமும் அவளை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்புகிறார். மதியம் அவள் பஸ்ஸில் போய்விடுவாள். "முப்பத்தஞ்சு கிலோமீட்டர்க்கா. பாபநாசம் தாண்டுறதுக்குள்ள உயிரு போவுது" என்றார்.

முன்சீட்டை அகலப்படுத்தி, தொடையை அறுக்கும் ஓரங்களைச் சீவி, கெட்டிப் பஞ்சு வைத்துக் கொடுத்தேன். உட்கார்ந்து பார்த்து முகம் மலர்ந்தார். "பின்னாடியும் பாத்துடலாமா, தம்பி? அவங்களையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க" என்றேன். நான் ஏதோ வண்டியின் ஹாரனுக்குப் பஞ்சு வைக்கலாமா என்று கேட்டதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

"அவ சும்மா உக்காந்துதானேக்கா வர்றா, ஓட்டுறவனுக்குத்தானே வலி?"

மூட்டைக்கு அளவு

அதே வாரம் நன்னிலத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பின்சீட்டை அகலமாக, மட்டமாக, வழுக்காத ரெக்ஸினில் செய்து தர வேண்டும் என்றார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பின்சீட்டைப் பற்றி ஒரு மனிதர் தானாக வந்து பேசுகிறார்! எவ்வளவு அகலம் வேண்டும் என்று கேட்டேன். இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்துக் கொடுத்தார். அளந்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இவ்வளவு அக்கறையா என்று வியந்து, "உங்க வீட்டம்மாவுக்கா?" என்று கேட்டேன்.

இல்லை. நெல் மூட்டைக்கு. கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகும்போது மூட்டை ஒரு பக்கமாகச் சரிகிறதாம். சீட்டின் ஓரம் பட்டுச் சாக்கு கிழிகிறதாம். மூட்டையைப் படுக்க வைத்து, எந்த இடத்தில் அழுத்துகிறது என்றுகூடப் பார்த்திருக்கிறார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மூட்டை ஏற்றாத நாட்களில் அந்த இடத்தில் யார் உட்காருவார்கள் என்று கேட்டேன்.

"அவளுக்கென்ன, எதுலன்னாலும் தொத்திக்குவா."

நல்லாருக்கு

இளங்கோ மறுபடி ஒரு மதியம் வந்தபோது, வேலை முடிந்த மலர்விழியும் கூட வந்திருந்தாள். அவளுக்காக வரவில்லை, அவருடைய சட்டைக்காக வந்திருந்தார்கள். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவள் வழுக்கிக்கொண்டு முன்னால் வருகிறாளாம். தோளை இறுக்கிப் பிடிக்கிறாளாம். "தோள்பட்டையில தையலே விட்டுப்போச்சுக்கா. பின்னாடி கொஞ்சம் சொரசொரப்பா ஏதாவது போட்டு விடுங்க" என்றார்.

நான் அவள் வண்டியிலிருந்து இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருபக்கமாக உட்கார்ந்து வந்தவள், சறுக்கி இறங்கி, சீட்டின் மேல் ஒரு கையை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றாள். எறும்பு கடித்தால்கூட நாம் முகத்தைச் சுளிக்கிறோம். அவள் முகத்தைக்கூடச் சுளிக்காமல் நின்றாள். அப்புறம்தான் நடந்தாள். மாதிரிக்கு வைத்திருந்த ஒரு பின்சீட்டைப் பூட்டி அவளை உட்காரச் சொன்னேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட அவள் மேல் வந்த கோபம்தான் அதிகம். கேட்கவில்லை என்பது ஒரு குறை. கேட்டும் சொல்லாவிட்டால் நான் யாரிடம் போய் அளவெடுப்பது? இரண்டாம் தடவை கேட்டேன். பதில் அதேதான்: "நல்லாருக்குக்கா, எனக்கென்ன, அவங்களுக்கு எது சௌரியமோ அதைச் செய்ங்க."

டீ வாங்கப் போனவர்

இந்தத் தொழிலில் உண்மை வேண்டுமென்றால், கூட வந்தவரை டீ வாங்க அனுப்ப வேண்டும். பக்கத்தில் இருக்கும் கடைக்கு அனுப்பக்கூடாது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடைக்கு அனுப்ப வேண்டும். இளங்கோவை அங்கேதான் அனுப்பினேன்.

அவர் தலை மறைந்ததும் அவள் பேசினாள். வால் எலும்பில் வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறாள். உடம்பைத் திருகிக்கொண்டு உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்படியே போனால் நிற்பதும் சிரமமாகிவிடும் என்றிருக்கிறார். வேலையை விட்டுவிடு என்று வீட்டில் தினமும் பேச்சு. "ஆத்துல தண்ணி வராத வருஷம் என் சம்பளம்தான்க்கா அடுப்பு எரிக்குது. அதுகூட இருக்கட்டும். என் கையால ஊசி போட்டா வலிக்காதுன்னு கேட்டு வர்றவங்க இருக்காங்க. அதை விட்டுட்டு நான் வீட்டுல என்ன பண்ணுவேன்?"

ஒரு ஈரத்துண்டை எடுத்து ஒரு முனையை அப்படியே வைத்துக்கொண்டு மறுமுனையை மட்டும் முறுக்குங்கள். வண்டியில் ஒருபக்கமாக உட்காரும்போது முதுகெலும்பு அப்படித்தான் இருக்கிறது. கால்கள் சாலை ஓரத்தைப் பார்க்கும். தோள்கள் போகிற திசையைப் பார்க்கும். ஒவ்வொரு வேகத்தடையும் ஒரு முறுக்கு. அவள் சுடிதார்தான் போட்டிருந்தாள். காலை இரண்டு பக்கமும் போட்டு நேராக உட்கார்ந்தால் பாதி வலி இல்லை. மீதிப் பாதிக்கு நான் பொறுப்பு. ஏன் அப்படி உட்காருவதில்லை என்று கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்தே ஒருபக்கமாகத்தானாம். மருமகள்கள் அப்படித்தான் உட்கார வேண்டும் என்பது அந்தத் தெருவின் வழக்கமாம். அவ்வளவு விடியற்காலையில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன்.

"ஊரு தூங்கும்க்கா, எங்க மாமியாரு கோலப்பொடியோட வாசல்ல நிப்பாங்க."

அய்யம்பேட்டை வரைக்கும்

இளங்கோ டீயோடு வந்தார். அவளுக்கு எலும்பில் வலி என்று நான் நேராகவே சொன்னேன். அவருக்கு அது புதிய செய்தி இல்லை. "அதான் வேலைய விட்டுடட்டும்னு சொல்லிட்டேனேக்கா" என்றார். சட்டைத் தையலுக்காக முப்பத்தைந்து கிலோமீட்டர் வந்த மனிதர், எலும்புக்கு ஒரே வரியில் வைத்தியம் சொல்லிவிட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

நான் செய்யும் சீட்டையெல்லாம் நானே ஓட்டிப் பார்ப்பது வழக்கம். மாதிரி சீட்டைக் கழற்றி, அவருடைய பழைய பின்சீட்டையே பூட்டச் சொன்னேன். "நான் ஓட்டுறேன். நீங்க பின்னாடி உக்காருங்க, தம்பி. சும்மா உக்காந்து வர்றதுதானே?" என்றேன். அவர் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. கடையில் நின்ற இன்னும் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுக்க முடியாமல் ஏறி, காலை இரண்டு பக்கமும் போட்டார். "அப்படி இல்ல, ஒருபக்கமா. மலரு, உன் சாப்பாட்டுப் பையை அவர் மடியில வை" என்றேன். அவர் வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். ஒருபக்கமாக உட்கார அது வசதியாகவே இருந்தது.

வெண்ணாற்றுப் பாலம் வரை பேசிக்கொண்டு வந்தார். அதன்பிறகு பிடித்துக்கொள்ள இடம் தேட ஆரம்பித்தார். மலர்விழிக்காவது பிடித்துக்கொள்ள ஒரு தோள் உண்டு. இவர் என் தோளைப் பிடிக்க முடியுமா? பின்னால் இருக்கும் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மடியில் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வேட்டியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாமல் தவித்தார். நான் வேகமாக ஓட்டவில்லை. அவர் ஓட்டும் வேகத்தில்தான் ஓட்டினேன். வேகத்தடைகளில் அவர் எப்படி ஏறி இறங்குவாரோ அப்படியே ஏறி இறங்கினேன். அய்யம்பேட்டையில் வண்டியைத் திருப்பும்போது ஒரு டீக்கடையில் அவருக்குத் தெரிந்த ஒருவர் நின்றிருந்தார்.

"என்ன மாப்ள, பொண்ணு அழைப்பா?"

மறுபடியும் நல்லாருக்கு

கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவர் சறுக்கி இறங்கினார். சீட்டின் மேல் ஒரு கையை ஊன்றினார். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றார். மலர்விழி பக்கத்தில் வந்து பையை வாங்கிக்கொண்டு, "எப்படிங்க இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். இத்தனை நாளில் அந்தச் சீட்டைப் பற்றி அவளோடு பேசக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்பதுபோலக் கேட்டாள். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், வேடிக்கை பார்த்தவர்களைப் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார்.

நல்லாருக்கு என்று சொல்பவர்களை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை மலர்விழியை டீ வாங்க அனுப்பினேன். அவள் ரயில்வே கேட்டைத் தாண்டும் வரை அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டே இருந்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இதுலேர்ந்து விழாம எப்படிக்கா இத்தனை நாள் வந்தா?"

மதகு

பின்சீட்டை அடியிலிருந்து புதிதாகச் செய்தேன். முன்பக்கம் சரிந்திருந்ததை மட்டமாக்கி, கெட்டிப் பஞ்சு வைத்தேன். வழுக்கி முன்னால் வராமல் இருக்க முன் ஓரத்தில் ஒரு சிறு மேடு. வால் எலும்பு வரும் இடத்தில், எலும்பு பஞ்சைத் தொடாதபடி ஒரு பள்ளம். மேலே தையல் வராமல் மாஸ்டர் பக்கவாட்டில் தைத்தார். மேலே தையல் போட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, பஞ்சு ஊறி, அடுத்த நாள் உட்காருகிறவரின் உடையை நனைக்கும். இவ்வளவையும் செய்து, இது காலை இரண்டு பக்கமும் போட்டு உட்காருகிறவருக்கான சீட், ஒருபக்கமாக உட்கார்ந்தால் அந்தப் பள்ளம் தவறான இடத்தில் வந்து இன்னும் வலிக்கும் என்று இருவரையும் நிற்க வைத்துச் சொன்னேன். இளங்கோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏறு மலரு, நேராவே உக்காரு" என்றார். அவள் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள். போய்விட்டார்கள். நான் மாஸ்டருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

சில வாரங்கள் கழித்து, வேலை முடிந்து பஸ் ஏறப் போகிற வழியில் மலர்விழி கடைக்கு வந்தாள். வேலையை விடவில்லை. வலி வெகுவாகக் குறைந்திருக்கிறது. வேலையை விடும் பேச்சை இப்போது வீட்டில் யார் எடுத்தாலும் இளங்கோவே எழுந்து வயலுக்குப் போய்விடுகிறாராம். நான் பெருமையோடு, "அப்ப வீட்டு வாசல்லேர்ந்தே நேரா உக்காந்து வர்றியா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். ஊர் எல்லையில் வாய்க்கால் மதகு ஒன்று இருக்கிறதாம். வீட்டிலிருந்து அதுவரைக்கும் ஒருபக்கமாக உட்கார்ந்து வருகிறாள். அங்கே வண்டியை நிறுத்தி, இறங்கி, நேராக ஏறிக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எங்காவது போய்த் திரும்பினால், மதகில் மறுபடியும் இறங்கி ஒருபக்கமாக மாறிக்கொள்கிறாள். எனக்குப் பழைய கோபம் எழுந்தது. இளங்கோ ஒன்றும் சொல்ல மாட்டாரா என்று கேட்டேன். அவள் அவரை விட்டுக்கொடுக்கவில்லை.

"மதகு வந்ததும் அவங்களே நிறுத்திடுவாங்கக்கா, நான் சொல்லவே வேணாம்."

தஞ்சாவூரிலிருந்து மதகு வரைக்கும் உள்ள தூரத்துக்கு என்னால் சீட் செய்துகொடுக்க முடிந்தது. மதகுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச தூரத்துக்கு ஏற்ற பஞ்சு இன்னும் எந்தக் கடைக்கும் வரவில்லை.